"எங்க வீட்லயும் அம்மாதான் தேய்க்கிறாங்க டீச்சர்": விளம்பரங்களை வகுப்பறையில் வாசிப்பது

வாசகர் கேள்வி: சிவகாசிக்கு அருகில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்று விளம்பரங்கள் எப்படி வார்த்து வைத்திருக்கின்றன என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க விரும்பி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரம் ஒன்றைப் போட்டுக் காட்டி, "இதில் என்ன தவறு?" என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து, "எங்க வீட்லயும் அம்மாதான் தேய்க்கிறாங்க டீச்சர், இதுல என்ன தப்பு?" என்றான். வகுப்பு சிரித்தது, பெண் பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. நான் நீளமாக விளக்கினேன். அடுத்த வாரம் எந்த விளம்பரத்தைக் காட்டினாலும் எல்லோரும் சேர்ந்து, "பெண்ணை இழிவுபடுத்துகிறது" என்று ஒப்பிக்கிறார்கள். முதல் வாரத்தைவிட இது எனக்கு அதிகக் கவலை தருகிறது. எப்படித் தொடர்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் கவலை நியாயமானது. ஆசிரியர் எதிர்பார்க்கும் விடையைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு அவர்கள் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் உங்களிடம் அரிய கேள்வி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பையன் கேட்டது குறும்பாக இருந்தாலும், இந்தப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு நேர்மையான பதிலும் ஒன்று உண்டு: அந்த ஒரு விளம்பரத்தில், ஒரு தாய் பாத்திரம் தேய்ப்பதில், தவறு எதுவும் இல்லை. உலகத்தில் நடக்கிற ஒன்றைத்தான் அது காட்டுகிறது. ஒரு பெண் பாத்திரம் தேய்ப்பதாகக் காட்டுவதே இழிவு என்று நாம் சொல்லிவிட்டால், அன்றாடம் பாத்திரம் தேய்க்கும் அவனுடைய தாயின் வேலையை நாமே இழிவாக்கிவிடுகிறோம். பெண் பிள்ளைகளின் மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பாலின வார்ப்பு, அதாவது ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற அச்சு, திரும்பத் திரும்பக் காட்டப்படுவதால் உருவாவது. ஒரு விளம்பரத்தில் தாய் தேய்ப்பது ஒரு செய்தி, அவ்வளவுதான். நாற்பது விளம்பரங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது நாற்பதிலும் தேய்ப்பவள் பெண்ணாகவும், அந்தச் சோப்பின் பெருமையை விளக்குகிறவர் வெள்ளைக் கோட்டு அணிந்த ஆணாகவும் இருந்தால், அங்கேதான் நாம் பேச வேண்டிய விஷயம் தொடங்குகிறது. எனவே ஒற்றை விளம்பரத்தைக் காட்டி அதில் குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லும் முறையை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தது அந்த முறைதான். ஒரு விளம்பரத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புத்தான் சொல்ல முடியும், பலவற்றைச் சேர்த்து வைத்தால்தான் எண்ணிப் பார்க்கவும் ஒப்பிடவும் முடியும்.

நம் நாட்டு விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2022 ஜூன் மாதம் பாலின வார்ப்புகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன. ஒரு பெண் வீட்டைச் சுத்தம் செய்வதையோ ஓர் ஆண் அலுவலகத்துக்குப் போவதையோ விளம்பரத்தில் காட்டலாம். ஆனால் அந்த வேலை எப்போதும் அந்தப் பாலினத்துக்கு மட்டுமே உரியது என்றோ, அவர்களுக்கு வேறு வழியே இல்லை என்றோ, மற்றவர் அதைச் செய்வதே கிடையாது என்றோ உணர்த்தக் கூடாது. அந்த மாணவனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவன் கேள்வியை எழுப்பியதில் பிழையில்லை என்பதை, கேலிக்கு நடுவே உட்கார்ந்த அவன் அறிந்துகொள்வது முக்கியம்.

அடுத்த இரண்டு பாடவேளைகளைச் சேகரிப்புக்கும் எண்ணிக்கைக்கும் மட்டும் ஒதுக்குங்கள். இதற்குத் திறன் வகுப்பறையோ இணையமோ தேவையில்லை. உங்கள் ஊரைப் போல் இதற்கு வாய்ப்பான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. காலண்டர்களும் சுவரொட்டிகளும் தீப்பெட்டி லேபிள்களும் பட்டாசுப் பெட்டிப் படங்களும் அச்சாகும் ஊரில் இருக்கிறீர்கள், பிள்ளைகளில் சிலருடைய பெற்றோர் அச்சகத்திலேயே வேலை பார்க்கக்கூடும். பழைய காலண்டர் தாள்கள், வார இதழ்கள், பேருந்து நிலையத்தில் கொடுக்கும் ஜவுளிக்கடைத் துண்டறிக்கைகள் என்று ஆளுக்கு இரண்டு கொண்டு வரச் சொல்லுங்கள். தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு, மாலைத் தொடர் ஒன்றின் நடுவே வரும் ஓர் இடைவேளையை மட்டும் கவனித்து எழுதி வரச் சொன்னால் போதும்.

கொண்டு வந்ததை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, "நல்லதா, கெட்டதா" என்ற பேச்சே இல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பதிவு செய்யப் பழக்குங்கள். பொருளைக் கையில் வைத்துப் பயன்படுத்துகிறவர் யார், அதைப் பற்றி அறிந்து விளக்குகிறவர் யார், வேலை செய்கிறவர் யார், உட்கார்ந்து உண்கிறவர் யார், இடம் வீட்டுக்குள்ளா வெளியிலா, யாருக்கு வயது தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பன போன்ற கேள்விகள் போதும். கம்பி, சிமென்ட், பம்புசெட் மோட்டார் ஆகியவற்றின் விளம்பரங்களை ஒருபுறமும் மசாலாப் பொடி, சலவைத்தூள், சத்துமாவு ஆகியவற்றை மறுபுறமும் அடுக்கினாலே பிள்ளைகள் தாங்களாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஆயுள் காப்பீடு, சேமிப்புத் திட்டம் ஆகியவற்றின் துண்டறிக்கைகள் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மகனுக்கு மேற்படிப்பு, மகளுக்குத் திருமணம் என்று பிரித்து வைக்கும் பழைய வழக்கம் இன்னும் சிலவற்றில் தொடர்கிறதா, மாறியிருக்கிறதா என்று அவர்களே தேடிப் பார்க்கட்டும். மாறியிருந்தால் அதையும் அவர்கள் எழுத வேண்டும். எண்ணிக்கை நம் விருப்பத்துக்கு எதிராக வந்தாலும் மறைக்காமல் பதிவு செய்வதுதான் இந்தப் பயிற்சிக்கு உயிர்.

ஒலியைத் தனியாகக் கவனிக்க வைப்பதும் அவசியம். வகுப்பில் பாதிப் பேரைத் திரைக்கு முதுகு காட்டி உட்காரச் செய்து காதால் மட்டும் கேட்கவும், மறுபாதியினரை ஒலி இல்லாமல் படத்தை மட்டும் பார்க்கவும் சொல்லி, பிறகு இரு பகுதியினரையும் ஒருவருக்கொருவர் விவரிக்கச் சொல்லுங்கள். திரை முழுவதும் பெண்ணே நிறைந்திருக்கும் விளம்பரத்திலும், பொருளின் தரத்துக்கு உறுதி தரும் கடைசிக் குரல் ஆணுடையதாக இருப்பது பலமுறை இப்படித்தான் பிடிபடும். நம் தொலைக்காட்சியில் வருபவற்றில் பல இந்தியில் எடுக்கப்பட்டுத் தமிழில் குரல் மட்டும் மாற்றப்பட்டவை. உதடு ஓரிடமும் சொல் ஓரிடமுமாக இருப்பதைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்த வீடும் சமையலறையும் தாயும் யாருடைய ஊரைச் சேர்ந்தவர்கள் என்று அதே சூட்டோடு கேளுங்கள்.

விளம்பரங்களை இப்படித் தொகுத்து வாசிக்கும் முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் அமெரிக்க இதழ்களில் வந்த நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களை வகைப்படுத்தி அடுக்கி, 1979-இல் நூலாக்கினார். ஆண் பெரும்பாலும் உயரமாக நிற்பதும், பெண் சாய்ந்தோ படுத்தோ இருப்பதும், ஆணின் கை பொருளை இறுகப் பற்ற, பெண்ணின் விரல்கள் அதை வெறுமனே வருடுவதும், ஆண் எதிரே இருப்பதைக் கூர்ந்து நோக்க, பெண்ணின் பார்வை எங்கோ விலகிப் போவதும் தனித்தனிப் படங்களில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, வரிசையாக வைத்தபோது வெளிப்பட்டன. கைகளையும் பார்வையையும் மட்டும் கவனிக்கும்படி ஒரு குழுவிடம் சொல்லிப் பாருங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் இந்தப் பயிற்சியில் எல்லோரையும் முந்திவிடுவதைப் பயிற்சிக்கு வரும் ஆசிரியர்கள் வியப்போடு சொல்லியிருக்கிறார்கள்.

எண்ணி முடித்த பிறகு அந்தப் பையனின் கேள்விக்குத் திரும்புங்கள். "எங்க வீட்லயும் அம்மாதான் தேய்க்கிறாங்க" என்பது உண்மை. ஆனால் அவனுடைய அம்மா அதை மட்டுமா செய்கிறார்? உங்கள் பகுதியில் தீப்பெட்டி ஆலைகளிலும் பட்டாசு ஆலைகளிலும் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறவர்கள் பெண்கள். விடியலில் சமைத்து வைத்துவிட்டு, ஆலை வண்டியைப் பிடித்து, பகல் முழுவதும் உழைத்து, கூலி வாங்கி வந்து, அதன் பிறகு பாத்திரம் தேய்க்கிற பெண்ணை நீங்கள் எந்தச் சோப்பு விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்கள்? "உங்கள் தெருவில் பெண்கள் செய்கிற வேலைகளில் எவையெல்லாம் நாம் சேகரித்த விளம்பரங்களில் இல்லை?" என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். இந்தப் பாடம் முழுவதிலும் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. விளம்பரம் நம் வீட்டைக் காட்டுகிறது என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடையும். அது நம் வீட்டிலிருந்து ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பெண்ணின் சம்பாத்தியத்தையும் களைப்பையும் வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தைப் புன்னகையோடு காட்டுகிறது. பெண் பிள்ளைகள் பேசத் தொடங்குவதும் இந்தக் கேள்வியில்தான் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதற்கான விடை அவர்களிடம் நிறைய இருக்கிறது.

கணித ஆசிரியரையும் ஒரு பாடவேளைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டார்கள். 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று இருக்கின்றன. மூன்று மடங்கு என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் 2019 கணக்கில் அப்படி ஈடுபட்டவர்களே பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். வீட்டு வேலையே செய்யாதவர்களையும் சேர்த்துச் சராசரி போடச் சொன்னால், ஆண்களின் கணக்கு 25 நிமிடங்களாகச் சுருங்கி, இடைவெளி பத்து மடங்கை நெருங்கிவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் தம் கையாலேயே போட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உன் வீட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்று பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கவே கேட்காதீர்கள். தாயோ தந்தையோ இல்லாத பிள்ளைகள், பாட்டியிடம் வளர்கிறவர்கள், விடுதியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வகுப்பில் இருப்பார்கள். தெரு என்று பொதுவாகக் கேளுங்கள், அல்லது பெயர் எழுதாத சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இனி ஆளை மாற்றிப் பார்க்கும் பயிற்சி. விளம்பரத்தில் ஆண் இருக்கும் இடத்தில் பெண்ணையும் பெண் இருக்கும் இடத்தில் ஆணையும் வைத்துக் கற்பனை செய்யும்போது எங்கே விசித்திரமாகப் படுகிறதோ, அங்கே ஒரு வார்ப்பு இருக்கக்கூடும் என்பது இதன் அடிப்படை. இதற்கு விளம்பர உலகமே செய்து கொடுத்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 1994-இல் வந்த கேட்பரி டெய்ரி மில்க் விளம்பரத்தில், கிரிக்கெட் வீரர் ஒருவர் சிக்சர் அடிக்க, பார்வையாளர் வரிசையில் இருந்த ஒரு பெண், தடுக்க வரும் காவலரைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடுகிறாள். 2021-இல் அதே நிறுவனம் மட்டை பிடிப்பவரைப் பெண்ணாகவும் ஆடிக்கொண்டு ஓடி வருகிறவரை ஆணாகவும் மாற்றி அதையே மீண்டும் எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். ஆனால் பழையது பிற்போக்கு, புதியது முற்போக்கு என்று நீங்களே முடித்துவிடாதீர்கள். பழைய விளம்பரத்தில் அந்தப் பெண் அடங்கி ஒடுங்கி இருக்கவில்லை, விதியை மீறித் துள்ளுகிறாள். அதே நேரம், ஆட்டம் அவனுடையது, கைத்தட்டல் மட்டுமே அவளுடையது. இந்த இரண்டும் ஒரே விளம்பரத்தில் இருக்க முடியும் என்பதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் தன் சொந்த வாக்கியத்தில் சொல்லிவிட்டால், "இழிவுபடுத்துகிறது" என்ற ஒப்பித்தலிலிருந்து வகுப்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

ஆண் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இந்தப் பாடத்தை நடத்துவது எப்படி என்று உங்கள் கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்கவில்லை. இருந்தாலும் அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியிருப்பதால் சொல்கிறேன். பாலின வார்ப்பு ஆண்களையும் குறுக்குகிறது என்பதை ஆண் பிள்ளைகள் தெளிவாகப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2019 ஜூன் மாதம், கேடு விளைவிக்கக்கூடிய பாலின வார்ப்புகளைத் தடை செய்யும் விதியைக் கொண்டுவந்து, ஆகஸ்டில் முதன்முறையாக இரண்டு விளம்பரங்களை நிறுத்தியது. அவற்றில் ஒன்றான பிலடெல்பியா பாலாடைக்கட்டி விளம்பரத்தில், தந்தையர் இருவர் தின்பண்டத்தில் மயங்கிக் கைக்குழந்தைகளை உணவு நகரும் பட்டையில் விட்டுவிடுகிறார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆண்களுக்குத் தெரியாது என்ற கருத்தைப் பரப்புகிறது என்பதற்காக அது தடை செய்யப்பட்டது. இன்னொன்று ஃபோக்ஸ்வேகன் மின்சாரக் கார் விளம்பரம். சாகசமான செயல்களில் ஆண்கள் ஈடுபடும் காட்சிகளுக்குப் பின், தள்ளுவண்டிக் குழந்தைக்குப் பக்கத்தில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் காட்சி வருகிறது. குழந்தைக்குப் பக்கத்தில் தாய் அமர்ந்திருப்பது குற்றமாகக் கருதப்படவில்லை, எந்தக் காட்சிகளுக்கு அருகில் அது வைக்கப்பட்டது என்பதுதான் பிரச்சினையானது. சமையலறையில் தடுமாறிச் சிரிப்பு மூட்டும் கணவன், அழவே கூடாத பையன், வண்டி வாங்கினால்தான் மதிப்புப் பெறும் இளைஞன் என்று நம் ஊர் விளம்பரங்களிலிருந்தே ஆண் பிள்ளைகள் தங்கள் பட்டியலைத் தயாரிக்க முடியும்.

முகப்பூச்சு விளம்பரங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நிறைய ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். சேர்க்க வேண்டும், ஆனால் மிகுந்த கவனத்தோடு. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள், அவர்கள் பக்கம் மற்றவர்களின் பார்வை திரும்பிவிடக் கூடாது. ஆகவே நிறத்தைப் பற்றிய விவாதமாக இல்லாமல், கதை எப்படிக் கட்டப்படுகிறது என்ற ஆராய்ச்சியாக நடத்துங்கள். 1975-இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி, நிறம் கூடியதால் வேலையும் வரனும் கிடைக்கும் பெண்களின் கதையைப் பல ஆண்டுகள் சொன்னது, அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் புகாரைத் தொடர்ந்து 2003-இல் அதன் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன, 2020-இல் பெயரே குளோ அண்ட் லவ்லி என்று மாறியது. இதற்கிடையே 2014-இல் மேற்சொன்ன விளம்பரக் கவுன்சில், பூசுவதற்கு முந்தைய முகத்தைச் சோகமாகவோ கவலையாகவோ காட்டக் கூடாது என்று நெறி வகுத்தது. இந்த நெறியைச் சொல்லிவிட்டு, முன்னும் பின்னுமான இரண்டு படங்களில் நிறத்தைத் தவிர வேறு என்னென்ன மாறுகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். வெளிச்சம், தலைமுடி, உடை, புன்னகை, சுற்றி நிற்கும் ஆட்கள் என்று பட்டியல் நீளும்.

வார்ப்பை உடைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் விளம்பரங்களையும் கடைசியில் ஒருமுறை பாருங்கள். துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா என்று 2015-இல் ஏரியல் தொடங்கிய விளம்பர வரிசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதுவும் சலவைத்தூள் விற்பதற்காக எடுக்கப்பட்டதுதான் என்பதைப் பிள்ளைகள் மறக்கக் கூடாது. நல்லதைச் சொல்லும் விளம்பரத்தையும் அதே கேள்விகளோடு வாசிக்கத் தெரிந்தால்தான் அது வாசிப்பு.

எழுத்துப் பயிற்சிக்கு இரண்டு வழிகள் உள்ளன. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் குறிப்புகளைக் கொண்டு விளம்பரம் தயாரிக்கும் வினா வருவதால், தமிழில் அதையே செய்து பார்ப்பதைத் தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கே புது விளம்பரம் எழுதட்டும். மற்றொன்று கடிதம். கேபிள் தொலைக்காட்சி வலைப்பின்னல் விதிகள், 1994-இன் 7-ஆம் விதி, பெண்களை அடங்கிப் போகிற, பணிந்து நடக்கிற குணங்களை வலியுறுத்தும் விதத்தில் சித்திரிக்கவும், குடும்பத்திலும் சமூகத்திலும் இரண்டாம் இடத்தை ஏற்கும்படி ஊக்குவிக்கவும் கூடாது என்கிறது. விளம்பரக் கவுன்சிலுக்குப் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் புகார் அனுப்பலாம். தாங்கள் சேகரித்தவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த நெறிக்கு அது எப்படி முரணாக இருக்கிறது என்று பிள்ளைகள் முறையான புகார்க் கடிதம் எழுதட்டும், வேறு குழு அதே விளம்பரத்துக்காக நிறுவனத்தின் சார்பில் பதில் எழுதட்டும். பதில் எழுதும் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவனைச் சேருங்கள்.

மதிப்பெண் இடும்போது, புகார் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். எத்தனை விளம்பரங்களைச் சான்றாகக் காட்டியிருக்கிறார்கள், எதிரான சான்று கிடைத்தபோது அதை என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். ஒரு விளம்பரத்தில் குறை எதுவும் இல்லை என்று காரணத்தோடு நிறுவும் பிள்ளைக்கும் முழு மதிப்பெண் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.